பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் காவேரிப்பட்டணம்

"எங்கள் தாத்தா பிறந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணம். சிலப்பதிகாரத்தில் வரும் காவிரிப்பூம்பட்டினம் இதுதானா? அந்த ஊரின் வரலாறு, நில அமைப்பு, மக்கள்தொகை பற்றி விவரமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊரை ஒட்டிய கிராமம் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் காவேரிப்பட்டணத்துக்குத்தான் வருவோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. கண்ணகியும் கோவலனும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினம், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற பூம்புகார். இப்போது அது மயிலாடுதுறை மாவட்டம். நம் ஊருக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. நம் ஊரில் காவிரி ஓடவில்லை. ஓடுவது தென்பெண்ணை. கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. "பட்டணம்" என்றதும் கடற்கரை ஊர் என்று நினைக்கிறோம். ஆனால் மேற்கே மைசூர்ச் சீமையில் பாருங்கள்: ஸ்ரீரங்கப்பட்டணம், சன்னப்பட்டணம் எல்லாம் கடலுக்கு எவ்வளவோ தூரத்தில் உள்நாட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கோட்டையும் கடைவீதியும் உள்ள ஊருக்கும் பட்டணம் என்ற பெயர் உண்டு. மைசூரோடு பல நூறு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கலும் சண்டையும் நடந்த மண் இது. ஆகவே இந்தப் பட்டணத்தைச் சோழநாட்டுக் கடற்கரையோடு சேர்க்காமல், சன்னப்பட்டணத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பொருத்தம்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் மண்ணின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும்போது பஸ் இறங்கிக்கொண்டே வருவது உங்களுக்கே தெரியும். இறங்கி வந்து சேரும் இந்தச் சமவெளிதான் பழைய பாராமகால். மேட்டுப் பகுதிக்குப் பழைய பெயர் பாலாகாட், அதாவது மலைப்படிக்கு மேலே உள்ளது. காவேரிப்பட்டணம் அந்தப் படிக்குக் கீழே, தென்பெண்ணை சமவெளியில் விரிந்து ஓடத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், செம்மண், நடுவில் ஆறு. ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்யும். அதுவும் இரண்டு பருவக்காற்றுகளிலும் பிரிந்து விழும். இந்த மழையை நம்பிக் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, சாமை போடலாம். நெல்லுக்கும் தென்னைக்கும் ஆறும் ஏரியும் வேண்டும்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, அதைத் தாண்டியதும் நம் ஊர். பிறகு நெடுங்கல், அனுமன்தீர்த்தம் வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போய், கடைசியில் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. ஆறு எல்லோருக்கும் பொது என்றாலும், காவேரிப்பட்டணத்துக்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி அணையிடம் தனி உரிமை உண்டு. "கே.ஆர்.பி. டேம்" என்று எல்லோரும் சொல்கிற அந்த அணை காமராசர் ஆட்சியில், 1957இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 52 அடி. இடதுபுறம், வலதுபுறம் என்று இரண்டு கால்வாய்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 9,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. அந்த 9,000 ஏக்கரில் பெரும்பகுதி காவேரிப்பட்டணத்தைச் சுற்றித்தான்: பெரியமுத்தூர், திம்மாபுரம், சவுளூர், எர்ரஅள்ளி, மிட்டஅள்ளி, பாலேகுளி, பையூர், பெண்ணேஸ்வரமடம், நாகோஜனஅள்ளி. கால்வாய் திறக்கிற தேதி வந்துவிட்டால் இந்த ஊர்களில் டீக்கடைப் பேச்சே மாறிவிடும். 2017 நவம்பரில் அணையின் முதல் மதகு உடைந்தபோது, 52 அடி தேக்க முடியாமல் 42 அடியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒருநாள் செய்தி. எங்களுக்கு அது ஒரு போகம். பிறகு பழைய மதகுகளை எடுத்துவிட்டுப் புது மதகுகள் பொருத்தினார்கள்.

மேலே சொன்ன ஊர்ப் பெயர்களை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். "அள்ளி" என்பது கன்னட "ஹள்ளி", கிராமம் என்று பொருள். "எர்ர" தெலுங்கு, சிவப்பு என்று பொருள். எர்ரஅள்ளி என்ற ஒரே பெயரில் தெலுங்கும் கன்னடமும் கைகோத்திருக்கின்றன. அதைத் தமிழ் பேசுகிறவர்கள் தங்கள் ஊர்ப்பெயராகச் சொல்கிறார்கள். கல்வெட்டு எதுவும் படிக்காமலே இந்தப் பக்கத்து வரலாற்றில் பாதியை இந்தப் பெயர்களிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி வரலாறு. மிகப் பழைய காலத்திலிருந்தே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கத்தில் இருக்கிற மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சங்க காலத்தில் இந்தப் பகுதி அதியமான்களின் தகடூர் நாட்டைச் சேர்ந்தது. தகடூர் இன்றைய தருமபுரி. பிறகு பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், போசளர் என்று ஆட்சி மாறிமாறி வந்தது. இந்த எல்லைப் பகுதியில் ஆநிரை கவர்வதும் மீட்பதும் ஓயாமல் நடந்ததால்தான், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போகிற இடமெல்லாம், அதில் இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றை "வேடியப்பன்" என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

நம் ஊரை ஒட்டி நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பழைய இடம் பெண்ணேஸ்வரமடம். ஆற்றங்கரையில் சிவன் கோயில். பெண்ணை ஈசுவரம் என்று ஊர்ப் பெயரிலேயே ஆறு இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்ட போசள மன்னன் வீர ராமநாதன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. கோயிலைச் சுற்றி நடுகற்களும் இருக்கின்றன. கூட்டம் அதிகம் இருக்காது. சாயங்கால வேளையில் ஆற்றுக் காற்றில் அந்தப் பிராகாரத்தில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது.

காவேரிப்பட்டணம் ஒரு கோட்டை ஊராகப் பெரிய ஏடுகளில் வருவது அதற்கும் பிறகுதான். விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில், சன்னப்பட்டணத்தை இருப்பிடமாகக் கொண்டு இந்தப் பகுதியை ஆண்டவர் ஜெகதேவராயர். அவருடைய பன்னிரண்டு கோட்டைகளால்தான் பாராமகால், அதாவது "பன்னிரண்டு மகால்" என்ற பெயர் வந்தது என்று சொல்வது வழக்கம். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் எல்லாம் அந்த வரிசையில் வரும். பெரும்பாலும் மலைக்கோட்டைகள். காவேரிப்பட்டணத்துக் கோட்டை அப்படி அல்ல. சமவெளியில், ஆற்றை ஒட்டி இருந்தது. மலைக்கோட்டையில் பதுங்கிக்கொள்ளலாம், ஆனால் பெரிய படைக்குச் சோறு போட முடியாது. குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீரும் தீவனமும் வேண்டுமென்றால் இப்படி ஓர் ஆற்றங்கரை வேண்டும். மைசூரும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்த ஊருக்காக மாறிமாறி மல்லுக்கட்டியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

அந்தச் சண்டைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மைசூர்ப் போர் தொடங்கிய 1767இல், கர்னல் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை பாராமகாலுக்குள் வந்தது. வாணியம்பாடி, திருப்பத்தூர், காவேரிப்பட்டணம் என்று கீழ்க் கோட்டைகளைப் பிடித்தது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதர் அலி திரும்பி வந்து, காவேரிப்பட்டணத்தில் இருந்த சிறு கம்பெனிப் படையை முற்றுகையிட்டுக் கோட்டையை மீட்டார். அடுத்த ஆண்டு ஊர் மறுபடியும் கை மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் இழந்ததையெல்லாம் திரும்பப் பிடித்தார். 1769இல் சென்னையில் உடன்படிக்கை ஆனபோது, அவரவர் இடம் அவரவருக்கு என்று முடிந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் இத்தனை முறை படை வந்து போன ஊரில், விதைத்தவன் அறுத்திருப்பானா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. கேழ்வரகுக் காட்டைப் பறிகொடுத்தவர்களின் பெயர் இல்லை.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், கம்பெனித் தளபதி கர்னல் மேக்ஸ்வெல் படையோடு இங்கே வந்து இறங்கினார். திப்பு சுல்தான் அவரை நெருங்கி வந்தார். தெற்கிலிருந்து வந்த ஜெனரல் மெடோஸின் படை காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் மேக்ஸ்வெல் படையோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைமேல் மேக்ஸ்வெல் நடத்திய இரவுத் தாக்குதலும் தோற்றது. கடைசியில் பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தது போரில் அல்ல, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்ததால். மேட்டுப் பகுதியான ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் 1799 வரை மைசூரிடமே இருந்தன. படிக்கு மேலே ஒரு அரசு, படிக்குக் கீழே ஒரு அரசு என்று ஏழு ஆண்டுகள் நடந்திருக்கிறது.

அந்த ஏழு ஆண்டுகளில் இந்த மண்ணில் நடந்த இன்னொரு காரியம் தமிழ்நாடு முழுவதையும் மாற்றியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்கே முதல் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை இவர்கள் முதலில் செய்து பார்த்தது பாராமகாலில்தான். பின்னால் மன்றோ சென்னை மாகாண கவர்னர் ஆனபோது அது மாகாணம் எங்கும் பரவியது. இன்று நாம் பட்டா, சர்வே நம்பர் என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு விதை விழுந்தது நம் பக்கத்து வயல் வரப்புகளில். இதை எங்கள் பள்ளிக்கூடங்களிலேயே அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, மக்கள்தொகைக்கு வருவோம். காவேரிப்பட்டணம் ஒரு பேரூராட்சி. கடைசியாக நடந்த 2011 கணக்கெடுப்பில் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 20,000-ஐ எட்டவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதற்கும் 18,79,809 பேர். எழுத்தறிவு 71.46 சதவீதம். ஆயிரம் ஆண்களுக்கு 958 பெண்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், இன்னமும் இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் பேரூராட்சி எண்ணை மட்டும் பார்த்து இது சின்ன ஊர் என்று முடிவு கட்டாதீர்கள். காவேரிப்பட்டணம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். மாவட்டத்தின் பத்து ஒன்றியங்களில் ஒன்று. அதில் உள்ள கிராமங்கள் எல்லாம் காலையில் இங்கேதான் வந்து இறங்கும். பாலுக்கும் உரத்துக்கும் நகைக்கும் கல்யாணத் துணிக்கும் இந்தக் கடைவீதிதான். ராத்திரி தூங்குகிறவர்களை எண்ணினால் பேரூராட்சி, பகலில் நடமாடுகிறவர்களை எண்ணினால் அதைப்போல் பல மடங்கு. காவேரிப்பட்டணம் என்ற பெயரிலேயே சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது.

மொழியில், இங்கே தமிழ்தான் பெரும்பான்மை. ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் போகப்போகத் தெலுங்கும் கன்னடமும் கூடும். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் இங்கும் நிறைய. உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் ஓசூர்க் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். பெங்களூர் சுமார் நூறு கிலோமீட்டர்தான். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலையில் கிளம்பும் வாழ்க்கை எங்கள் தெருக்களில் சகஜம். ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கே இல்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் வந்த குறுகிய பாதை ரயில் 1941இல், உலகப்போர்க் காலத்தில் நின்றது நின்றதுதான். அதனால் எங்களுக்கு எல்லாமே ரோடுதான். முன்பு என்.எச். 7 என்று சொன்ன, இப்போது 44 ஆகிவிட்ட நாற்கரச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. ஒரு பக்கம் பாலக்கோடு சாலை, இன்னொரு பக்கம் போச்சம்பள்ளி சாலை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆடு மாடு ஏற்றிய வண்டிகள் விடியுமுன்பே போகத் தொடங்கிவிடும்.

பிழைப்பு என்று பார்த்தால் மாங்காயைச் சொல்லாமல் முடியாது. தமிழ்நாட்டில் மா விளைச்சலில் முதல் இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு. செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம் எல்லாம் உண்டு. ஆனால் தோப்புக்காரரின் கையில் காசு வருவது பெரும்பாலும் பெங்களூராவில், கிளிமூக்கு என்கிறோமே அதில். ஜூன், ஜூலையில் அது லாரி லாரியாக மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும். அங்கே கூழாகி வெளிநாடுகளுக்குப் போகும். விலை தொழிற்சாலைக்காரர் கையில் இருப்பதுதான் இதில் உள்ள வேதனை. நல்ல விளைச்சல் ஆண்டில் விலை விழுந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாமல் மரத்திலேயே விடுகிற காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போச்சம்பள்ளி போகும் வழியில் சந்தூர் என்று ஓர் ஊர். மாஞ்செடிக்குப் பேர்போனது. ஒட்டுக் கட்டிய கன்றுகள் அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கிற மாமரம்கூட சந்தூர்க் கன்றாக இருக்கலாம்.

பக்கத்துப் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் 1973இலிருந்து இருக்கிறது. மானாவாரிப் பயிர்களுக்கு, அதாவது கொள்ளு, கேழ்வரகு, சாமை போன்றவற்றுக்கு அங்கே புது ரகங்கள் உருவாக்கினார்கள். கொள்ளில் "பையூர் 1", "பையூர் 2" என்று ரகத்தின் பெயரே ஊரின் பெயர்தான். கொள்ளு ரசத்தோடு களி சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

அப்புறம் நிப்பட்டு. காவேரிப்பட்டணம் வந்துவிட்டு அது வாங்காமல் போகிறவர் குறைவு. அரிசி மாவில் வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் உடைத்துப் போட்டு, மிளகாய்த்தூள், எள், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. தட்டைக்கு அண்ணன் என்று சொல்லலாம், கொஞ்சம் கனமாக இருக்கும். பெயரும் பண்டமும் கன்னடச் சீமையிலிருந்து வந்தவை. காரம் மட்டும் எங்கள் ஊர்க் காரம்.

திருவிழா என்றால் மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயிலில் நடக்கும் மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டிய பக்தர்கள் முன்னே போக, அம்மன் ஆற்றங்கரைக்குப் புறப்படுவாள். தானியமும் காய்கறியும் காசும் கூட்டத்தின் மீது வீசுவார்கள். அதில் ஒரு பிடி தானியம் கையில் கிடைத்தால் விதையோடு கலந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெளியூர் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள்.

காவிரி ஓடாத காவேரிப்பட்டணம் என்று சொன்னேன் அல்லவா? இப்போது அதையும் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறுத்து, மூட்டு வளைந்து கஷ்டப்பட்டவர்களை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013 மே மாதம் திறந்தார்கள். ஒகேனக்கல்லில் எடுக்கிற தண்ணீர் காவிரித் தண்ணீர். அது குழாய் வழியாக மலை ஏறி இறங்கி நம் ஊருக்கு வருகிறது. வயலுக்குப் பெண்ணை, குடத்துக்குக் காவிரி. முதன்முதலில் அந்தத் தண்ணீர் குழாயில் வந்த நாளில், எங்கள் அம்மா ஒரு சொம்பில் பிடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

பெண்ணையின் நிலைமைதான் கவலையாக இருக்கிறது. பெங்களூரின் கழிவு கலந்து கெலவரப்பள்ளியில் நுரை மலைபோல் பொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர்தான் இறங்கி எங்கள் கால்வாய்க்கும் வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் பெரிய ஏரிக்குப் போவதும் அதே தண்ணீர்தான். சிறுவயதில் நாங்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கையால் அள்ளிக் குடித்தோம். இன்று என் பேரனை அந்த ஆற்றில் கால் நனைக்க விடவே யோசிக்கிறேன்.

கடைசியாக உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று. தாத்தாவின் பிறப்புப் பதிவோ நிலப் பத்திரமோ தேடுவதாக இருந்தால் மாவட்டப் பெயரைக் கவனியுங்கள். 1965 அக்டோபர் 2-க்கு முந்தையது என்றால் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று இருக்கும். அன்றுதான் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9 வரையிலான காகிதங்களில் தருமபுரி மாவட்டம் என்றும், அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் வரும். ஊர்ப் பெயரையும் "பட்டணம்" என்று ஒருமுறை, "பட்டினம்" என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இரண்டு மாதிரியும் எழுதியிருப்பார்கள்.